மிச்ச மாவை யார் வாங்குவது?

தாவரப் புரதம் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கறி மாதிரி இருக்குமா, முட்டை மாதிரி இருக்குமா? ஈரோட்டில் ஒரு சிறிய உணவு நிறுவனத்தில் புதுப் பண்டங்கள் உருவாக்கும் பிரிவில் இருக்கிறேன். பாசிப்பருப்பிலிருந்து புரதத்தைப் பிரித்து, முட்டை சேர்க்காத பொடிமாஸுக்கான மாவு செய்வது எங்கள் வேலை. மேலே சொன்ன கேள்விக்கு எங்களிடம் ஓரளவு பதில் இருக்கிறது. என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு கேள்வி. புரதம் எடுத்த பிறகு தொட்டியில் கிடக்கிற மாவை யார் வாங்குவது?

கணக்கைப் பாருங்கள். தோல் நீக்கிய பாசிப்பருப்பில் நூற்றுக்கு 24, 25 பங்குதான் புரதம். பாதிக்கு மேல் மாவுச்சத்து. பருப்பை அரைத்து, லேசான காரத்தன்மையுள்ள தண்ணீரில் கலக்கினால் புரதம் கரைந்து நீரோடு நிற்கும், மாவுச்சத்தும் நாரும் அடியில் தங்கும். மேல் நீரைத் தனியே எடுத்து அமிலம் விட்டு, புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். எண்ணை 4.5 அளவுக்குக் கொண்டுவந்தால், பால் திரிவது போலப் புரதம் திரிந்து கீழே இறங்கும். அதைப் பிரித்து, கழுவி, மறுபடி நடுநிலைக்குக் கொண்டுவந்து உலர்த்தினால் வெளிர்மஞ்சள் பொடி. சேதாரம் போக, 100 கிலோ பருப்புக்கு 20 கிலோ பொடி கைக்கு வந்தாலே பெரிய விஷயம். மீதி என்ன ஆவது? பருப்பின் விலை முழுவதையும் அந்த 20 கிலோவின் தலையில் கட்டினால் எந்த மளிகைக்கடைக்காரரும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இந்தத் துறையில் கூட்டு முயற்சி என்று பேச்செடுத்தால் பல்கலைக்கழகமும் கம்பெனியும் கைகோத்த கதைகள்தான் வரும். 2009-ல் ஈதன் பிரௌன் தொடங்கிய அமெரிக்கத் தாவர இறைச்சிக் கம்பெனி பியாண்ட் மீட், மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஃபூ-ஹங் ஷேயும் ஹெரால்ட் ஹஃப்பும் பல வருடம் உழைத்து உருவாக்கிய முறையை உரிமம் வாங்கித்தான் சந்தைக்கு வந்தது. நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகம், ஒன்றுக்குள் ஒன்று சுழலும் உருளைகளுக்கு இடையில் புரத மாவை வைத்துச் சூடேற்றி இறைச்சி போல நார்நாராக வரவைக்கும் கருவியைப் பெரிய கம்பெனிகளோடு சேர்ந்து வளர்த்தெடுத்தது. இரண்டுமே நல்ல வேலை. ஆனாலும் அவை தொழிலின் நடுவிலிருந்து தொடங்குகின்றன. புரதப் பொடி மூட்டையாக வந்து இறங்கியாயிற்று, இனி அதை என்ன செய்யலாம் என்கிற இடம் அது. அந்த மூட்டை எந்த விலையில் வந்தது, யாருடைய ஆலையில் எதன் மிச்சமாக வந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை.

சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஜாவ்யுவான் என்றொரு ஊர். கண்ணாடி போல் தெரியும் பயறு சேமியாவுக்கு 300 வருடங்களுக்கும் மேலாகப் பேர் போன வட்டாரம். லோங்கௌ துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் லோங்கௌ சேமியா என்ற பெயரே நிலைத்துவிட்டது. முதலில் பாசிப்பயறில் செய்தார்கள், பிறகு விலை குறைவான பட்டாணிக்கும் போனார்கள். சேமியாக்காரருக்கு வேண்டியது மாவுச்சத்து மட்டும். புரதம் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதே ஊரின் ஷுவாங்டா என்ற சேமியா கம்பெனி அந்தத் தண்ணீரிலிருந்து புரதத்தைப் பிடிக்க ஆரம்பித்து, இன்று உலகின் பெரிய பட்டாணிப் புரத ஆலைகளில் ஒன்றாகிவிட்டது. பியாண்ட் மீட்டுக்கும் புரதம் கொடுத்தது. அமெரிக்க பர்கருக்குள் இருந்த புரதத்தில் ஒரு பங்கு, சீனச் சேமியாக்காரரின் கழிவுநீரிலிருந்து வந்தது என்பதை முதலில் படித்தபோது எனக்கு ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது.

யோசித்துப் பார்த்தால், விலைக்குக் கட்டுப்படியாகி நின்ற தாவரப் புரதம் எல்லாமே முதலில் யாரோ ஒருவருடைய மிச்சம்தான். கோதுமையிலிருந்து மாவுச்சத்து எடுக்கும் ஆலைகளில் மிஞ்சும் புரதம்தான் குளூட்டன். நம் ஊர் மீல் மேக்கரும் அப்படித்தான்.

மீல் மேக்கர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1960-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகமும், பந்த்நகர், ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சோயா ரகங்களை இங்கே விதைத்துப் பார்த்தன. 1967-ல் அகில இந்திய ஒருங்கிணைந்த சோயா ஆராய்ச்சித் திட்டம் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் மால்வா கரிசல் நிலங்களில் மழைக்காலத்தில் தண்ணீர் கட்டிக்கொள்ளும் என்று பெரும்பகுதியைச் சும்மா போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பருவத்தில் சோயா கச்சிதமாக உட்கார்ந்தது. நாட்டில் சமையல் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு, எண்ணெய் ஆலைகள் கிடைத்ததை வாங்கின. சில பத்தாண்டுகளில் கோடி ஹெக்டேரைத் தாண்டிய பயிர் இது. சோயாவில் 40 பங்கு புரதமும் 20 பங்கு எண்ணெயும் உண்டு. எண்ணெய் போன பிறகு மிஞ்சும் பிண்ணாக்கில்தான் புரதம் முழுக்க இருக்கிறது. அதில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்கும் ஏற்றுமதிக்கும் போய்விடும். ஒரு சிறு பங்குதான் மாவாகி, எக்ஸ்ட்ரூடர் என்ற சூடேற்றி அழுத்தும் இயந்திரத்தில் வெந்து, அச்சுத் துளை வழியே வெளியே வரும்போது உள்ளிருக்கும் நீர் சட்டென்று ஆவியாகி, பஞ்சாக உப்பி, நம் குருமாவுக்கு வருகிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தீவனப் பிண்ணாக்கை நன்றாக வறுத்துவிடுவார்கள், செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களை அழிக்க அது தேவை. ஆனால் அவ்வளவு சூடு பட்ட புரதம் தண்ணீரில் கரையாது, அச்சிலும் நார் பிடிக்காது. மனிதர் சாப்பிடும் உருண்டைக்கு, எண்ணெய் எடுத்த கரைப்பானைக் குறைந்த சூட்டில் விரட்டிய வெள்ளைச் செதில் வேண்டும். அதற்கு ஆலையில் தனி ஏற்பாடு, தனி லாட். பெரும்பகுதி தீவனத்துக்குப் போகிற ஆலைக்கு அந்தத் தொந்தரவு எதற்கு? விதைக்காரர், விவசாயி, எண்ணெய் ஆலை, கோழிப்பண்ணை என்று சங்கிலி பிரமாதமாகக் கோத்துக்கொண்டது. சமைக்கிறவர் மட்டும் அதில் கடைசியில் ஒட்டிக்கொண்டார். சோயாவின் பச்சை வாடைக்குக் காரணமான லிபாக்ஸிஜினேஸ் என்சைமை முழுப் பயறாக இருக்கும்போதே வெந்நீரில் அடக்கிவிடலாம் என்று இல்லினாயில் 1970-களிலேயே காட்டிவிட்டார்கள். அந்த என்சைமின் ஒரு வகை இல்லாத ரகங்களை இந்தூர் சோயா ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது சமீப வருடங்களில்தான். இத்தனை தாமதம் ஆகியிருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கோழி வாடை பார்ப்பதில்லை. சமையற்கட்டில் இருப்பவர்களை ஆரம்பத்திலேயே கூப்பிட்டிருந்தால் வாடைதான் முதல் வேலையாக இருந்திருக்கும்.

நிலக்கடலைக்கும் ஒரு கதை உண்டு, அது இன்னும் மனத்தைத் தொடுவது. மைசூரில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். மாட்டுக்கும் வயலுக்கும் போய்க்கொண்டிருந்த கடலைப் பிண்ணாக்கைச் சுத்தமாகத் தயாரித்தால் குழந்தைகளுக்குப் புரதம் ஆகுமே என்று அவருடைய குழு இறங்கியது. கடலைப் பிண்ணாக்கு மாவு முக்கால் பங்கு, வறுத்த கடலைப்பருப்பு மாவு கால் பங்கு, அதோடு வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும். இந்தியப் பல்நோக்கு உணவு என்று பேர். அமெரிக்காவின் மீல்ஸ் ஃபார் மில்லியன்ஸ் அமைப்பு துணைக்கு வந்தது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் இருந்த பிரேசில் கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை, அந்தப் பூஞ்சையில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு என்று துப்புத் துலங்கியது. அதன் பிறகு கடலைப் புரதம் என்றாலே உலகம் முழுக்க ஒரு தயக்கம். ஆய்வகத்தில் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், களத்தில் ஈரம் காயாமல் மூட்டை கட்டுகிறவரும் ஒழுகுகிற குடோன் வைத்திருப்பவரும் கூட்டணிக்குள் இல்லையென்றால் நஞ்சு உள்ளே வந்துவிடும். அதே சுப்பிரமணியன் பிறகு திருவாரூருக்கு வந்து நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். காவிரிப் படுகையில் ஈர நெல்லைக் காயவைக்க முடியாமல் விவசாயிகள் திண்டாடிய காலம் அது. அந்த மையம்தான் வளர்ந்து இன்று தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக நிற்கிறது. ஆய்வகத்திலிருந்து களத்து மேட்டுக்கு இறங்கி வந்த அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் பெயரை எங்கள் துறைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இனி எங்கள் கதை. சோயாவிலும் கடலையிலும் எண்ணெய் விலையைச் சுமக்கிறது. பாசிப்பருப்பில் பிழிந்து விற்கிற அளவுக்கு எண்ணெய் கிடையாது. மாவுச்சத்துதான் சுமக்க வேண்டும். நான் படித்ததெல்லாம் புரதம். மாவைத் தண்ணீரில் தங்கவைத்து, வெளுத்து, காயவைத்து விற்றே வாழ்கிறவர்கள் எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறார்கள். சேலம், ஆத்தூர் பக்கம் மரவள்ளிக்கிழங்கு அரைக்கிற ஜவ்வரிசி ஆலைகள்.

ஆத்தூருக்கு அருகே ஓர் ஆலைக்காரர். அப்பா காலத்திலிருந்து கிழங்கு அரைப்பவர்கள். எங்கள் மாவுக் கரைசலைப் பிளாஸ்டிக் கேனில் கொண்டுபோயிருந்தேன். அளவுகள், பி.எச்., எல்லாம் எழுதிய தாளையும் நீட்டினேன். தாளை மேசையில் வைத்துவிட்டு, கேனைச் சாய்த்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, டீ சொன்னார். டீ முடிந்து வெகுநேரம் கழித்துப் பார்த்தால் அடியில் வெள்ளை, அதன் மேல் மெல்லிய மஞ்சள் ஏடு, அதற்கு மேல் கலங்கல் நீர். "இந்த மஞ்ச ஏடு இருக்கிற வரைக்கும் மாவு வெளுக்காதுங்கம்மா. கிழங்குலயும் இப்படி ஒண்ணு வரும், நாங்க தண்ணியடிச்சு ஒதுக்கிருவோம். ஒருவாட்டி ஒதுக்கி, ரெண்டாந்தண்ணி விட்டுக் கலக்கித் தங்க வைங்க. அந்த ஏட்டக் கீழ கொட்டிராதீங்க, அதுலதான் உங்க சரக்கு இருக்கு." அந்த ஏட்டைச் சோதித்தால் புரதம் கணிசமாக இருந்தது. மையவிலக்கு இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தீரும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு, அவர் ஒரு டம்ளரில் வழி காட்டிவிட்டார்.

அவரோடு பேசப் பேச இன்னொன்றும் தெரிந்தது. கிழங்கு வரத்து கோடையில் குறைந்துவிடும், தொட்டிகள் காய்ந்து கிடக்கும். டெல்டாவில் சம்பா அறுவடையை ஒட்டி நெல் தரிசில் தெளிக்கிற பயறு வீட்டுக்கு வருவதும் கோடையில்தான். அவர் ஆலை சும்மா இருக்கும் மாதங்களில் எங்களுக்கு வேலை. கழிவுநீரையும் அவர் பார்த்துக்கொள்ள முடியும். சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்கள் பரவலாக உண்டு, பருப்பு கழுவிய தண்ணீரும் அதில் நன்றாகவே வேலை செய்கிறது. நாங்கள் தனியாகக் கட்டியிருந்தால் கடனிலேயே மூழ்கியிருப்போம்.

மாவு வெளுத்துக் கிடைத்தது. வாங்குவது யார்? கோபி பக்கத்தில் உலர்ந்த சந்தகை (எங்கள் பக்கத்து இடியாப்பம்) செய்து விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். நாலைந்து பெண்களுக்கு வேலை கொடுப்பவர். அரிசிச் சந்தகை காய்ந்த பிறகு பாக்கெட்டில் ஒடிந்து தூளாகிவிடுகிறது என்பது அவருடைய நெடுநாள் கவலை. பயறு மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற வகை அதிகம். வெந்து ஆறும்போது அது இறுகிப் பிடித்துக்கொள்ளும், ஷாண்டோங் சேமியா கொதிநீரிலும் ஒடியாமல் இருப்பது அதனால்தான். அக்கா முதலில் தாராளமாகக் கலந்தார். இழை ஒடியவில்லை, ஆனால் வாயில் போட்டவர், "சவ்வா இருக்குது கண்ணு, சந்தகையின்னா பல்லுக்கு வேலை வெக்கப்படாது," என்று தட்டை ஓரமாக வைத்துவிட்டார். குறைத்துக் குறைத்து ஒரு கலவைக்கு வந்தார். அந்த விகிதம் அவருடையது, இங்கே எழுத மாட்டேன். எலுமிச்சைச் சந்தகைக்கு ஒன்று, தேங்காய்ப்பால் சந்தகைக்கு வேறொன்று வைத்திருக்கிறார். எங்கள் மாவுக்கு முதல் நிலையான வாடிக்கையாளர் அவர்தான்.

பருப்பு தருவது விருதுநகர் அண்ணாச்சி ஒருவருடைய மில். தோலும் குருணையும் மாட்டுத் தீவனத்துக்குப் பொட்டாகப் போவது அவர் பாடு. உடைந்த பருப்பைக் கடையில் யாரும் வாங்க மாட்டார்கள், நாங்கள் எப்படியும் அரைக்கத்தான் போகிறோம் என்பதால் அதை எங்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார். அதில் ஒரு நிபந்தனை வைத்தேன்: பாலிஷுக்காக எண்ணெய் தடவியது வேண்டாம், ஈரப்பதம் பார்த்து மூட்டை கட்ட வேண்டும். கடலைப் புரதத்துக்கு நடந்தது எனக்குப் பாடம்.

கடைசியாக, சாப்பிடுகிற இடம். கல்யாணச் சமையல் மாஸ்டர் ஒருவரிடம் பொடியைக் கொடுத்திருந்தோம். இதற்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனி எங்களிடம் கேட்டிருந்தது வேறு மாதிரி: முட்டை வாசனை வந்தே ஆக வேண்டும், அதற்குக் கருப்பு உப்பு சேர்க்க வேண்டும், வெளியாட்கள் யாரிடமும் காட்டக் கூடாது, எல்லாவற்றுக்கும் கையெழுத்து. ஆறேழு பேர் அறைக்குள் உட்கார்ந்து முகர்ந்து பார்த்தே காலம் போனது. மாஸ்டர் இரும்புக்கல்லில் எண்ணெய் விட்டு, வெங்காயம் பச்சைமிளகாய் வதக்கி, கரைத்த மாவை ஊற்றினார். புரதம் சூட்டில் இறுகி ஓரத்திலிருந்து திரளத் தொடங்கியதும் கரண்டியால் உதிர்த்தார். வாசனை பிடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "இத சாப்பிடப் போறது முட்டை தொடாத வீட்டுக்காரங்க. அவங்களுக்கு எதுக்கு மேடம் முட்டை வாசம்? இலையில வெச்சா எந்திரிச்சுப் போயிருவாங்க." கருப்பு உப்பை ஒதுக்கி வைத்தார். மிளகைக் கரகரப்பாகத் தட்டிப் போட்டார், இறக்கும்போது கறிவேப்பிலையும் கொஞ்சம் தேங்காய்த் துருவலும். பயறின் லேசான பச்சை வாடை தேங்காயோடு சேர்ந்து நம் வீட்டுப் பொரியல் வாசனையாகவே ஆகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் சோதனைத் தாளில் முட்டை வாசனை என்ற வரியே இல்லை.

ரகசிய ஒப்பந்தம் முழுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அக்காவின் கலவை அக்காவுடையதாகவே இருக்க வேண்டும், மாஸ்டரின் கைப்பக்குவம் அவருடையது. நாங்கள் எழுதி வைத்திருக்கும் ஏற்பாடு எளியது. அவரவர் கண்டுபிடிப்பு அவரவருக்கு. மாவுச்சத்துக்குக் குறைந்தபட்ச விலை ஒன்று வருட ஆரம்பத்தில் பேசி முடிவாகும். பருப்பு விலை ஏறினால் ஏற்றத்தை நாங்களும் அண்ணாச்சியும் பாதிப்பாதி தாங்குவோம், ஆலைக்காரருக்கு அரைக்கிற கூலி மாறாது. புரதப் பொடி நல்ல விலைக்குப் போனால் எல்லோருக்கும் ஒரு பங்கு. இதைப் பேசி முடிக்கத்தான் தொழில்நுட்பத்தைவிட அதிகக் காலம் பிடித்தது. அந்தக் காலம் வீணில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னும் கூட்டணிக்குள் வராதவர்கள் பயிர் இனப்பெருக்க விஞ்ஞானிகள். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் ரகமும், ஒரே சமயத்தில் முதிர்ந்து ஒரே அறுவடையில் முடியும் ரகமும் விவசாயிக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது டெல்டாக்காரர்களைக் கேட்டால் தெரியும். அதை விட்டுவிட்டு எங்களுக்காக வேலை செய்யுங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. நான் கேட்கப்போவது சின்ன விஷயம். கையிலிருக்கும் ரகங்களில் ரகத்துக்கு ஒரு கிலோ கொடுங்கள். எதில் புரதம் எளிதாகக் கரைகிறது, எதன் மாவு சீக்கிரம் தங்குகிறது, எதில் பச்சை வாடை குறைவு என்று ஆத்தூர்த் தொட்டியிலும் மாஸ்டரின் கல்லிலும் பார்த்து எழுதித் தருகிறோம். விளைச்சல், நோய் எதிர்ப்பு என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் அந்த மூன்று பத்திகளும் சேரட்டும். கடிதம் எழுதி முடித்துவிட்டேன். ஆலைக்காரர் தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார், டம்ளரோடு.